பச்சைத் தண்ணீரும் அரை மணி நேரமும்

மஸ்கட்
12.9.2009

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் பேச்சி வணங்கி எழுதுவது. நான் நலம். திருமங்கலத்தில் உன் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா?

எங்கள் ஆஸ்பத்திரியில், எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை போட்டவர்களையும் வருடம் ஒரு ஊசி போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். ஊசிக்காரர்களுக்கே எலும்பு உறுதியாகியிருந்தது. மாத்திரை வீண் என்று பெரிய டாக்டரம்மா எழுதப் போனார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. "வெறுந்தண்ணியில முழுங்குனா கொமட்டுதுடி, டீயிலதான் எறங்குது" என்பாயே. எதில் விழுங்குகிறீர்கள் என்று மாத்திரைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பாதிப் பேர் பேரீச்சம்பழத்தைத் தின்று, காபியில் விழுங்கியிருக்கிறார்கள். அப்படிப் போட்டால் மருந்து உடம்பில் சேராது. தண்ணீரில் விழுங்கியவர்களைத் தனியாகப் பார்த்தால், ஊசிக்காரர்களை நெருங்கிவிட்டார்கள். நேற்றுக் கூட்டத்தில் டாக்டரம்மா என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். உன்னால் வந்த கைதட்டல் அது.

நீ போடுவதும் அதே மாத்திரைதான். டீயில் போனது போகட்டும். இனி ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்கு. அரை மணி நேரம் டீ கூடாது, படுக்கவும் கூடாது.

ஆஸ்பத்திரி வேன் வந்துவிட்டது. அந்த அரை மணி நேரம் உட்கார்ந்து எனக்கு நாலு வரி எழுது. வாரம் தவறக் கூடாது.

பேச்சி