இலங்கை நேரத்துப் பாங்கு

ஜித்தா,
2008, நோன்பு மாதம்.

அன்புள்ள உம்மாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி எப்படி? நம் பட்டாணிச்சூரில் ஷெல் சத்தம் கேட்கிறதா? நான் சுகம்.

ஒரு பகிடி நடந்தது. நேற்று மேடத்தின் மகள், நான் உடுப்பு அயன் பண்ணும் ஜன்னலில்லாத அறைக்குள் கொம்பியூட்டரில் இலங்கைத் தொலைக்காட்சியைப் போட்டுத் தந்தாள். பார்த்துக்கொண்டிருக்கவே நோன்பு திறக்கும் பாங்கு சொன்னார்கள். பிஸ்மில்லாச் சொல்லிப் பேரீச்சம்பழம் சாப்பிட்டுத் தண்ணீரும் குடித்துவிட்டேன். கதவைத் திறந்தால் வெயில் கொளுத்துகிறது! இங்கே நோன்பு திறக்க இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்த நேரம் நீங்களும் திறந்திருப்பீர்கள்.

போனில் "எப்பதான் வாறாய் மகள்?" என்று கேட்டீர்கள். ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடம். பாஸ்போர்ட் மேடத்தின் அலுமாரிக்குள் இருக்கிறது. கேட்டால், நோன்பு முடியட்டும் என்கிறார். போன நோன்பிலும் அதைத்தான் சொன்னார்.

ஊரிலிருந்து யாராவது உம்றாவுக்கு வந்தால், கஞ்சிக்குப் போட ரம்பை இலை கொடுத்துவிடுங்கள். வாசல் காவலாளியிடம் கொடுத்தால் போதும், என்னைப் பார்க்க விடமாட்டார்கள்.

தவறிய அந்த நோன்பை இன்னொரு நாள் திருப்பிப் பிடிக்க வேண்டும். இங்கே பிடிக்கமாட்டேன் உம்மா. அதை நம் வீட்டில்தான் பிடிப்பேன்.

மேடம் கூப்பிடுகிறார்.

மகள் சரீபா