அம்மா சங்கிலியின் ஒரு அடுக்கு

ஆக. 18, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். அண்ணன் கல்யாண வேலை. பாக்கி: தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்குவது, மாமா வீட்டுக்குப் பத்திரிகை, புதுக்கோட்டையில் சார்ஜர் வாங்குவது.

சாப்பிடும்போது அப்பா: "வியாழக்கிழம நல்ல நேரத்துல ஆலங்குடி பத்தர்கிட்ட பொன் உருக்குறோம். அம்மா சங்கிலிய அழிச்சுத்தான் மருமகளுக்குத் தாலி. ஒங்கம்மா ஆசப்பட்டது."

தலையாட்டினேன். சங்கிலி என் கழுத்தில். அம்மா செத்ததிலிருந்து அங்கேதான். குளிக்கும்போதும்.

யாரிடமும் சொல்லாதது: அம்மா அதில் இருக்கிறாள். பேய்க் கதை இல்லை, கெமிஸ்ட்ரி. கந்தகம் உள்ள மூலக்கூறுகளுக்குத் தங்கம் என்றால் உயிர். தோல், வேர்வை, வெங்காயம் உரித்த கை, எல்லாவற்றிலும் அது உண்டு. தங்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு அடுக்காக நிற்கும். தண்ணீர் ஊற்றினாலும் போகாது. அந்த யூடியூப் வீடியோ எனக்கு மனப்பாடம். இன்னும் புல்லரிக்கிறது. யோசிக்கும்போதெல்லாம் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பாள் அம்மா. எத்தனை வருஷம்.

ஆக. 19, செவ்வாய்
கரண்ட் இல்லை. டெலிகிராம் கெமிஸ்ட்ரி குரூப்பில் கேட்டேன்: உருக்குவதற்குள் அந்த அடுக்கை மட்டும் காப்பாற்ற வழி உண்டா? முகம் தெரியாத ஒரு அக்கா, ஏதோ லேபில் வேலை, பதில் போட்டார்.

"கஷ்டம்மா. காத்து பட்டாலே மெல்ல புடி விட்டுரும். சங்கிலி பெட்டியில இருக்கா?"

"கழுத்துல போட்டிருக்கேன்க்கா."

ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்றே காட்டியது.

"அப்ப உன் வேர்வையில இருக்கறது பழசத் தள்ளிட்டு அந்த எடத்துல உக்காந்திருக்கும். எக்ஸ்சேஞ்ச்னு சொல்லுவோம். வருத்தப்படாத."

விடக்கூடாது என்று போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாக அவளைத் தள்ளிவிட்டது நான்.

ஆக. 20, புதன்
சங்கிலியைக் கழற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன். தொடவில்லை. கொக்கி இடுக்கில், என் வேர்வை எட்டாத இடத்தில், கொஞ்சமாவது இருப்பாள்.

மத்தியானம் அடுப்படியில் சின்ன வெங்காய வாசம். அண்ணனைக் கேட்டேன், "ஒனக்கு வாசம் அடிக்குதா?"

"ஒன் சாக்ஸு வாசந்தான் அடிக்குது."

சிரித்தேன். ஆனால் அவன் எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றான். கொஞ்ச நேரம்.

"வெங்காயம் வாங்கியாந்தியா?"

"இல்ல."



ஆக. 21, வியாழன்
வெயில். ஆலங்குடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பத்தர் பட்டறை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், சூடம். டப்பாவைத் திறந்து பத்தர் கேட்டார், "யாரு போட்டிருந்தது?"

"எம் பொஞ்சாதி," அப்பா.

"அப்புறம் நானு," நான்.

சங்கிலி சின்ன மண் கிண்ணத்தில். கேஸ் நெருப்பு. தங்கம் உருகுவதற்கு வெகு முன்னாலேயே கந்தகம் பிடி விட்டுவிடும். பெரும்பாலும் தனியாகப் போகாது. பக்கத்தில் இருக்கிறதோடு சேர்ந்து ஜோடியாகக் கிளம்பும். அவள் பக்கத்தில் இருந்தது நான்தானே.

சங்கிலி இன்னும் சிவக்கவில்லை. இப்போதுதான் கிளம்புகிறாள். குனிந்து மூச்சை இழுத்தேன்.

"தாயி, மூஞ்சிய அங்கிட்டு எடு. சுட்டுரும்," பத்தர்.

"என்னத்தா பண்ணுற?" அப்பா.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வாசம் எதுவும் இல்லை. அப்பா பயந்துபோய் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஒண்ணுமில்லப்பா," என்றேன். வாய் திறந்ததில், பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே போய்விட்டது.