பத்தாவது கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

பத்தாவது கையெழுத்து கிடைத்துவிட்டது. அம்மா செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள். பத்து உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வரும். அம்மா இரண்டு வருடமாக எட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வீடுகளுக்கு நடுவே ரசாயனக் கிடங்கு இருக்கக் கூடாது. அம்மாவின் மசோதா அவ்வளவுதான், ஆறே பக்கம். எங்கள் தெருமுனைக் கிடங்கு தீப்பிடித்தபோது பக்கத்து சைக்கிள் கடையில் இருந்த அப்பாவும், எதிர்வீட்டுத் தையல் அத்தையின் மகனும், இன்னும் ஒன்பது பேரும் இறந்துபோனார்கள். அன்று தீக்காய வார்டில் பணியில் இருந்த நர்ஸ் அம்மா. தேர்தலில் நின்றது, ஜெயித்தது எல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பதினோரு பேரின் பெயரும் மசோதாவின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அத்தை கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அங்கே யாரும் சும்மா கையெழுத்துப் போடுவதில்லை. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்பதுதான் பேச்சு. அம்மா இதற்கு முன் முப்பத்தோரு மசோதாக்களுக்குத் துணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தேனீக்களைக் காப்பாற்ற ஒன்று. ஒரு பாலத்துக்குப் பெயர் மாற்ற ஒன்று. முப்பத்திரண்டாவது, கிடங்குகளை நவீனமாக்கும் மசோதா, பல்லழகருடையது. எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் அந்த உறுப்பினருக்கு அம்மா வைத்த பெயர் அது. அவரும் அவர் நண்பரும் போட்டதுதான் ஒன்பதும் பத்தும்.

அந்த மசோதாவை ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான். அம்மா வெந்நீரில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள், நான் வாசிப்பேன். இரண்டு வருடமாக இப்படித்தான்.

மார்ச் 10, திங்கள்

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அம்மா பக்கத்துக் கட்டிலில்.

சாயங்காலம் காகிதங்களை அடுக்கும்போது பல்லழகர் மசோதா கீழே விழுந்து பின்பக்கம் திறந்துகொண்டது. நாற்பத்தோராம் பக்கம், மூன்றாம் அட்டவணை. ஏற்கெனவே உரிமம் வாங்கிய கிடங்குகளுக்கு, குடியிருப்பிலிருந்து இவ்வளவு தூரம் என்ற விதி பொருந்தாதாம். எரிந்துபோன கிடங்கையும் அதே இடத்தில் மறுபடி கட்டலாமாம். இதற்கு முரணான மசோதா எதையும் அவை எடுத்துக்கொள்ளாதாம்.

அப்படியென்றால் அம்மாவின் மசோதா?

ஞாயிற்றுக்கிழமை நான் பன்னிரண்டு பக்கம்தான் வாசித்தேன். மறுநாள் கணக்குப் பரீட்சை. மீதி என்ன என்று அம்மா கேட்டாள். வெறும் பட்டியல்மா, விளக்கு, வடிகால், கதவு எத்தனை அடி, அதுதான் என்றேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா பேனாவை எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

அம்மாவின் உதவியாளர் ஃபைல் மாமா வந்தார். எதற்கோ கேட்பது போல, போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன்.

"அதுக்கென்ன பாப்பா. விவாதத்துக்கு முந்தின நாள் பகல் பன்னிரண்டுக்குள்ள ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். ஆனா அம்மா திரும்ப வாங்கினா, பதிலுக்குப் போட்டவங்களும் அவங்க கையெழுத்த உருவிக்குவாங்க. அங்க எல்லாம் அப்படித்தான்."

ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

சொன்னால் அம்மாவின் மசோதா மறுபடி எட்டுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் கிடங்கு வரும். ஒருவேளை அந்த மசோதா தோற்றுப்போனால்? தோற்றுப்போகட்டும். எல்லாம் அதுவாகச் சரியாகிவிடட்டும்.

இல்லை. பொய் எழுதுகிறேன். மசோதாவை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

நாளை விவாதம். உயிரியல் வகுப்பில் இருந்தபோது பன்னிரண்டு அடித்தது. டீச்சர் இதயத்தின் நான்கு அறைகளைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தார். நானும் வரைந்தேன். கோடு கோணவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நேரலையை அத்தை வீட்டில் பார்த்தோம். அவள்தான் கூப்பிட்டாள். உங்கம்மா டிவியில வர்றா, வந்து உட்காரு என்றாள்.

பல்லழகர் பேசினார். கிடங்குத் தீயில் கணவரைப் பறிகொடுத்த சகோதரியே இந்த மசோதாவில் கையெழுத்திட்டிருக்கிறார், இதைவிட வேறு சான்று வேண்டுமா என்றார். பிறகு மூன்றாம் அட்டவணையைப் படித்தார், மிகவும் சாதாரணமாக. அம்மா மேசையிலிருந்த பிரதியை எடுத்துப் பின்னாலிருந்து புரட்டுவது தெரிந்தது. ஒரு பக்கத்தில் கை நின்றது.

அம்மா எழுந்தாள்.

"நான் முழுசாப் படிக்காம கையெழுத்துப் போட்டேன். இந்த மசோதாவ எதிர்க்கறேன்."

சிரித்தார்கள். தன் மசோதாவைத் தானே எதிர்க்கிறாரே என்று யாரோ சொன்னார்கள். அவைத் தலைவர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். நிறைய கைகள். நிறைவேறிவிட்டது.

அத்தை டிவியை அணைக்கவில்லை. தையல் மிஷினில் பாதியில் நின்ற துணியைப் பார்த்தபடி இருந்தாள். நீ வீட்டுக்குப் போ கண்ணு என்றாள்.

மார்ச் 15, சனி

அத்தை வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"என் பையன் பேரக் காட்டித்தானே ஓட்டுக் கேட்ட. ஒரு காகிதத்தப் படிக்க முடியலையா உனக்கு?"

படித்தது என் மகள்தான் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

மார்ச் 19, புதன்

அம்மாவின் மசோதா திரும்பி வந்துவிட்டது. 'நடைமுறையிலுள்ள சட்டத்துக்கு முரணானது, பரிசீலிக்க இயலாது.' பத்துக் கையெழுத்தும் அப்படியே இருக்கின்றன. ஃபைல் மாமா உறையை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பக்கத்தோடு நிறுத்தியதைச் சொன்னேன்.

"தெரியும்டி. அம்பது பக்கத்த அரைமணி நேரத்துல யாரு வாசிப்பா? எனக்கும் தூக்கம் வந்துச்சு. விட்டுட்டேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அம்மா என் தலையைத் தடவக்கூடச் செய்தாள். ஆனால் வாய் நிற்கவில்லை. திங்கக்கிழமையே பாத்துட்டேம்மா, மாமாகிட்டயும் கேட்டேன், வியாழக்கிழமை வரைக்கும் டைம் இருந்துச்சு, பயமா இருந்துச்சும்மா, நீ என்ன சொல்லுவியோன்னு —

அம்மாவின் கை தலையிலிருந்து இறங்கியது.

"திங்கக்கிழமையா?"

மடித்து வைத்த துணிகளை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். எல்லாவற்றையும்.

ஏப்ரல் 2, புதன்

சாப்பிட்டாயா, கதவைத் தாழ் போட்டாயா. அம்மா இவ்வளவுதான் பேசுகிறாள். இப்போது மசோதாக்களை அவளே படிக்கிறாள், விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி. யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. அவளுக்கும் யாரும் போடுவதில்லை.

மே 9, வெள்ளி

தெருமுனையில் கரியை அள்ளிவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். சைக்கிள் கடை இருந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருக்கிறது. பள்ளிக்கு வேறு வழி இல்லை.

ஜூன் 20, வெள்ளி

தையல் அத்தை வீட்டைக் காலி செய்தாள். மிஷினை வண்டியில் ஏற்ற ஆள் போதவில்லை. அம்மா கூப்பிடாமலே போய் ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. படியில் இறங்கும்போது மட்டும் அத்தை, "பாத்து, கால்ல போட்டுக்காத" என்றாள்.

இந்த மாதத்தில் இது நாலாவது வீடு. புதுக் கிடங்கில் நீலப் பீப்பாய்கள் வந்து இறங்கிவிட்டன.

நாம எப்பம்மா போறோம் என்று கேட்டேன். மூன்று மாதத்தில் நானாக அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி. அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். கோபமில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எல்லாரும் போகலாம் கண்ணு. நாம போக முடியாது. கையெழுத்து நம்மளோடது."

என்னுடையது என்று சொல்லவில்லை. நம்மளோடது என்றாள்.

ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிறோம். அம்மா தூங்கவில்லை, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காற்று தெருமுனைப் பக்கமிருந்து வருகிறது. இதுவரை வாடை எதுவும் இல்லை.