ஜெபக் குறிப்பில் உன் பெயர்

சேரன்மகாதேவி,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகள் டார்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் அண்ணன் ஹெப்ரானும் இங்கே சுகமாயிருக்கிறோம், சாம்பியாக் காட்டில் நீயும் உன் குட்டிகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று போனில் பேசும் பத்து நிமிஷத்தில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஹெப்ரான் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், படிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான், படிப்பான்.

இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருக்கட்டுமா என்று நீ கேட்டு இருபது நாளாகிறது. மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அம்மா சரி என்று சொல்லாமல் போட மாட்டேன் என்றாய். நானோ ஒவ்வொரு வாரமும் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிக்கொண்டே வந்தேன். உன் வயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்காமல் கிடக்கிறதே அந்தச் சின்னக் குட்டி, அதைக் கூட்டத்தோடு சேர்த்துவிட மூன்று வருஷமாவது ஆகும், அதற்குள் நானும் விட்டு வந்தால் அது இரண்டாம் முறை தாயை இழந்துவிடும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். குட்டிக்குத் தாய் வேண்டுமென்றால் பெற்றவளுக்கு மகள் வேண்டாமா என்று இரண்டு நாள் உன் அப்பாவிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், பிசானப் போக நெல்லுக்குப் பாவிய நாற்றங்காலை மயில்கள் மேய்கின்றன என்று விடிந்ததும் தகரத்தைத் தட்டப் போய்விடுகிறார். கல்லெடுத்து எறிகிறதை மட்டும் மகளிடம் சொல்லிவிடாதே என்று எனக்குக் கட்டளை. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கிறேன், கவலைப்பட வேண்டாம்.

இனி சங்கதிக்கு வருகிறேன். நீ போன புதிதில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லோரும் கேட்டார்கள், எம்.எஸ்ஸி. படித்த பிள்ளை சம்பளம் இல்லாமல் எதற்குக் காட்டில் போய்க் கிடக்கிறாள் என்று. நம் ஆட்களுக்குச் சம்பளத்தை நினைக்காமல் கடல் தாண்டிப் போகிறவர் என்றால் மிஷனெரிதான், வேறு ஜாதி கிடையாது. குரங்குக்குப் புட்டிப்பால் கொடுக்கிறாள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. முப்பது வருஷம் வகுப்பில் பொய் சொல்லாதே என்று பிரம்பைத் தட்டிய நான், காட்டு ஜனங்கள் நடுவில் தாயில்லாப் பிள்ளைகளைப் பார்க்கிற ஊழியம் என்று சொல்லிவிட்டேன். சபைச் செயலாளர் தேவதாசன் அண்ணாச்சி அடுத்த ஞாயிறே உன் பெயரை ஜெபக் குறிப்பில் ஏற்றிவிட்டார். பதினாலு மாதமாக வாராவாரம் ஆராதனையில், ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்யும் சகோதரி டார்லினுக்காக என்று வாசிப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன், பக்கத்தில் இருப்பவர்கள் அதைத் தாழ்மை என்று நினைப்பார்கள். உன் அப்பா ஒரே ஒரு தடவை, இது நல்லதுக்கில்லை என்றார், அதோடு சரி.

பொய் ஓரிடத்தில் நிற்குமா? நம் சொர்ணபாய் அக்காள் இருக்கிறார்களே, சங்கத் தலைவி, அவர்கள் உன் பிள்ளைகளுக்கென்று கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கண்ணாடியோடு மெஷினில் உட்கார்ந்து இருபத்தாறு சட்டை தைத்துவிட்டார்கள். ரோஸ், மஞ்சள், கழுத்தில் பூவேலை வேறு. சபையே சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையன்று அவற்றைப் பீடத்தில் வைத்து ஜெபித்து உனக்கு அனுப்புவதாக ஏற்பாடு. பின்கட்டில் கறிக்குழம்பு கொதிக்கிறது, கோயில் நிறைந்த கூட்டம், குருவானவர் அந்தச் சட்டைகள் மேல் கையை வைக்கப் போனார். பீடத்தில் வைத்துப் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை டார்லின். எழுந்துவிட்டேன். "அக்கா, என்னைய மன்னிக்கணும். அங்க இருக்கது மனுசப் பிள்ளைக இல்ல. தாயச் சுட்டுக் கொன்னுட்டாவன்னு கொண்டாந்து விட்ட சிம்பன்சிக் குட்டிக. எம் மக அதுகளத்தான் வளக்கா" என்றேன். சொர்ணபாய் அக்காள் பைய எழுந்து வந்து ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார்கள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா எமிலி. கைய இன்னுங் கொஞ்சம் நீளமா வச்சுத் தச்சிருப்பேன்" என்றார்கள். கோயிலே சிரித்தது, நான் அழுதேன்.

எல்லோரும் சிரித்து மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதே. இரண்டு மூன்று பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது நியாயம்தான். சங்கத்தில் எனக்கிருந்த பொறுப்பை நானே ஒப்படைத்துவிட்டேன். சட்டைகளைப் பாளையங்கோட்டையில் பிரசவ வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தேவதாசன் அண்ணாச்சி வீடு தேடி வந்து, குறிப்பு மிஷனெரிகளுக்கு மட்டும்தான், பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது, வருத்தப்படக்கூடாது என்று சொல்லி ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நேற்று ஆராதனையில் குறிப்பு வாசித்தார்கள். வடக்கே ஊழியம் செய்கிற மிஷனெரிக் குடும்பங்களுக்கு அடுத்தபடியாக உன் பெயர் வரும், நேற்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது உன்னிடம் சொல்கிறேன். அத்தனை மாதமும் சபை முழுவதும் நீ அந்த வேலையில் நிலைத்திருக்க வேண்டும் என்று ஆமென் சொன்னபோது நான் ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. அங்கே ஏதாவது சரிப்படாமல் போகட்டும், அவள் வீடு திரும்பட்டும் என்று வாய்க்குள்ளேயே எதிர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். பங்குனியில் உனக்கு மலேரியா என்று சேதி வந்ததே, அன்றைக்கு நான் கேட்டதுதான் பலித்துவிட்டது என்று நடுங்கிப் போனேன். அப்புறமும் நிறுத்தவில்லை, காய்ச்சல் மட்டும் வேண்டாம் என்று திருத்திக்கொண்டேன், அவ்வளவு பிடிவாதம். பெற்றவள் செய்கிற காரியமா இது?

நேற்று உனக்காகக் கேட்க அந்தக் கோயிலில் ஒருவரும் இல்லை. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் நான் எதிர்த்துக் கேட்கத் துணிந்தேன், தனியாக விட்டதும் அது முடியவில்லை. நானே உன் பெயரைச் சொன்னேன். அவள் அங்கேயே நன்றாக இருக்கட்டும் ஆண்டவரே, அந்தக் குட்டி மரமேறப் படிக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று கேட்டு, ஆமென்னும் சொன்னேன்.

கொசுவலையைக் கிழிசல் பார்த்துக் கட்டு. உனக்குச் சளி பிடித்தால் குட்டிகளுக்கு ஆபத்து என்றாயே, மழையில் நனையாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பாவின் முத்தமும் அண்ணனின் அன்பும். மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடு, நாளை என்றால் என் மனசு மாறிவிடும்.

உன் அம்மா,
எமிலி பாக்கியசீலன்.