நம் வேலி இனி அடிக்கும்

அம்சா அப்பாவுக்கு,

நானும் அம்சாவும் மயிலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் அடுப்பருகே மூடி வைத்திருக்கிறேன்.

விழுப்புரம் கண்காட்சியில் நீங்கள் வாங்கி வந்த பாட்டரி வேலியைப் பற்றி நான் பேசக் கூடாதுதான். “பொஸ்தகம் படிக்கிறவளுக்கு மாட்டப் பத்தி இன்னா தெரியும்?” என்று அண்ணன் எதிரிலேயே கேட்டீர்கள். அன்றிலிருந்து நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சிவப்பி தினமும் அந்தக் கம்பியில் முதுகைச் சொறிந்துகொண்டு அந்தப் பக்கம் புகுந்து, தாண்டவராயன் கொல்லையில் மல்லாட்டைக் கொடியைக் கடலையோடு பிடுங்கித் தின்கிறாள். இன்னொரு முறை வந்தால் பட்டியில் அடைத்துவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால், வேலியின் பாட்டரிப் பெட்டி ஆடாமலிருக்க நீங்கள் அடியில் மடித்து வைத்த காகிதத்தை உருவிப் படித்தேன். வேலியை எப்படி மாட்டுவது என்று அதில்தான் எழுதியிருக்கிறது. எர்த் கம்பியை ஈர மண்ணில் அடிக்க வேண்டுமாம். நீங்கள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காய்ந்த சரளையில் அடித்திருந்தீர்கள். அதைப் பிடுங்கி, குளிக்கிற தண்ணீர் போகும் இடத்தில் அடித்தேன். கம்பியில் உரசிய புல்லையும் அறுத்துவிட்டேன். காலையில் சிவப்பி மூக்கை வைத்தாள். இன்னும் கொட்டகையை விட்டு வரவில்லை. தண்ணீரை அங்கேயே காட்டுங்கள்.

பின்குறிப்பு: சாயங்காலம் வேலியைப் பார்க்கச் சுப்பராயலு மாமா வருகிறார். “மனுசன ஒண்ணும் பண்ணாது மாமா, மாட்டத்தான் அடிக்கும்” என்று கம்பியைப் பிடித்துக் காட்டுவீர்களே, இன்று வேண்டாம்.

இதை எழுதாமலே பஸ் ஏறிவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன்.