வெற்றிலைக் காம்பும் நர்சம்மாவும்

வியாழன், இரவு.

தங்கை மகள் கோமதியின் மூன்று மாதக் குழந்தை நாலைந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறது. சித்தூரில் பாதிக் குழந்தைகளுக்கு வயிறு இளகியது என் கைராசியால்தான். ஒரு கலெக்டர் பேரனுக்கே பார்த்திருக்கிறேன். குழந்தையின் ஆசனவாயில் வைக்க, வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துக்கொண்டு போனேன்.

“கிட்ட வராத மாமா! எதுவா இருந்தாலும் நர்சம்மாவக் கேட்டுக்கினு செய்யலாம்” என்று கோமதி அழுதேவிட்டாள். ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

நர்சம்மா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பால் நன்றாகக் குடிக்கிறதா, மூத்திரம் போகிறதா என்று கேட்டார். என் கையிலிருந்த காம்பையும் பார்த்துவிட்டார்.

“வயிறு மெத்துனு இருக்குது. தாய்ப்பால் குடிக்கிற பாப்பா இந்த வயசுல சில நாள் போகாமகூட இருக்கும், பயமில்ல. வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்கலன்னாலோ உடனே தூக்கிக்கினு வாங்க. பெரியவரே, வெத்தலைய நீங்க போட்டுக்கோங்க, காம்ப பாப்பா கிட்ட கொண்டாராதீங்க!”

நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்.

குழந்தை இன்னும் போகவில்லை. ஆனால் கோமதி இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். தெருவில் கேட்டவர்களிடம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே நான்தான் என்று சொல்லிவிட்டேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னது நான்தானே.