மதலேனாவுக்காகத் திருத்திய யாப்பு

முல்லைத்தீவு
12.08.1961

அன்பு மகள் புனிதமலருக்கு அப்பு எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், நீ படிக்கப் போன பேராதனையின் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமென்று அம்மா தினமும் செபமாலை சொல்கிறா.

பங்குனியில் கடலுக்குப் போன கிறிஸ்தோப்பர் திரும்பி வராதது உனக்குத் தெரியும். அவன் பெண்சாதி மதலேனா இரண்டு பெண் பிள்ளைகளோடு நிற்கிறா. வள்ளமும் வலையும் இருக்கிறது, ஆள் வைத்துத் தொழில் செய்யலாம், ஆனால் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவருக்குக் கரையில் வலை வளைக்க முறைநாள் கிடையாது. உறுப்பினர் ஆணாக இருக்க வேண்டும் என்று சங்கத்தின் யாப்பில், எங்கள் விதிப் புத்தகத்தில், இருக்கிறது. அந்த வரியை எட்டு வருடத்துக்கு முன் என் கையால்தான் எழுதினேன். திருத்தம் என்றால் யாப்பைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதுவதோ என்று உன்னிடம் கேட்டது இதற்காகத்தான். நீ அனுப்பின பதிலைக் கூட்டத்தில் உரத்து வாசித்தேன். யாப்பு என்பது எல்லாரும் சேர்ந்து தங்களுக்கே கொடுத்த வாக்கு, ஒரு வரி பிழையென்றால் அந்த வரியை மட்டும் மாற்றலாம், ஒருநாள் கோபத்தில் பாதிப்பேர் சேர்ந்து மாற்றிவிடாமல் இருக்கத்தான் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறார்கள், பாராளுமன்றத்திலும் அப்படித்தான் என்று நீ எழுதினது எல்லாருக்கும் விளங்கியது. நாங்கள் முப்பத்து மூன்று பேர், அந்த வரியை மாற்ற இருபத்திரண்டு கை வேண்டும். எண்ணினால் இருபத்தொன்று. மகள், உயராத கைகளில் ஒன்று என்னுடையது. தலைவர் கதிரையில் இருந்துகொண்டு, நான் எழுதினது பிழையென்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கமாயிருந்தது. மதலேனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனா.

வீட்டுக்கு வந்தால் அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, நாளைக்கு நீங்கள் கடலிலையிருந்து வராட்டி நான் ஆரிட்டைப் போய் நிக்கிறது எண்டு ஒருக்கா யோசிச்சனீங்களோ என்று கேட்டா. அடுத்த மாதம் திரும்பக் கூட்டம் வைத்து, போனமுறை கை தூக்காதது என் பிழை என்று எழும்பி நின்று சொன்னேன். பிறகு இருபத்தாறு கை உயர்ந்தது. இறந்த உறுப்பினரின் மனைவியும் உறுப்பினராகலாம் என்று எழுதி வாசித்தேன். வாசலில் நின்ற மதலேனா, அண்ணை, இன்னொருக்கா வாசியுங்கோ என்றா, வாசித்தேன். அவவின் பெயரைப் பதியப் போக, அவரின்ரை பேரை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ என்று கேட்டா. வெட்டவில்லை, கிறிஸ்தோப்பரின் பெயருக்குக் கீழே அவவின் பெயரை எழுதினேன். திங்கட்கிழமை அவவின் வலை கடலில் விழுந்தது.

எல்லாம் உன்னால்தான் என்று ஊர் சொல்கிறது. உன் கடிதத்தை வாசித்த நானே கை தூக்காமல் இருந்தேன் என்பதை உனக்கு மறைக்க மனமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அப்புவைக் கோவிக்காதே.

மாதா உன்னைக் காப்பாற்றுவா. அம்மா பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா அனுப்புகிறா, வந்ததும் இரண்டு வரி எழுதிப்போடு. இரவில் தலையை மூடிக்கொண்டு படு.

உன்னை எண்ணியிருக்கும் அப்பு,
சூ. பஸ்தியாம்பிள்ளை